வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம்: 1882 முதல் இன்று வரை



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் குடியிருப்பில் இரண்டு வகைப் பேச்சு கேட்கும். சொந்த வீட்டில் இருப்பவர், "மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகுகிறது, சங்கத்தில் கொஞ்சம் சொல்லுங்கள்" என்பார். வாடகைக்கு இருப்பவர், "ஓனரிடம் போன மழைக்கே சொல்லிவிட்டேன் சார், பார்க்கலாம் என்றார்" என்பார். இந்த இரண்டாவது பேச்சைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

போன மழைக்கே சொல்லிவிட்டீர்கள், சரி. எப்படிச் சொன்னீர்கள்? வாசலில் நின்றா, தொலைபேசியிலா, எழுத்திலா?

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டு வாடகைச் சட்டங்களை 1882 முதல் வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெயர் மாறியிருக்கிறது, அதிகாரி மாறியிருக்கிறார், ரூபாய் வரம்பு மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் மாறவே இல்லை. பழுதைக் குடியிருப்பவர் தெரிவித்த நாளிலிருந்துதான் வீட்டுக்காரரின் கணக்கு தொடங்குகிறது. தெரிவித்ததற்கு ஆதாரம் இல்லை என்றால் கணக்கு தொடங்கவே இல்லை.

நான் வழக்கறிஞன் அல்ல. வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக வாடகை வீடுகளில் பல ஆண்டுகள் குடியிருந்திருக்கிறேன். வங்கிக் கிளைகளும் பெரும்பாலும் வாடகைக் கட்டடத்தில்தான் இயங்கும். அந்தக் கட்டடக் கோப்பைப் பார்க்கும் வேலையும் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தின் பழைய வாக்குறுதி

பழுது பார்ப்பதற்குத் தனியாக ஒரு வருமானம் வேண்டும் என்பது நம் பகுதிக்குப் புதிய செய்தி இல்லை. சோழர் காலத்தில் கோயிலைப் புதுப்பிக்கும் செலவுக்கென்றே நிலம் விடுவார்கள். அதற்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர். கட்டடம் கட்டும்போதே அது ஒருநாள் பழுதாகும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

பழுதை யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் அருகிலேயே உதாரணம் உண்டு. 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டும் என்று கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அவர்களுக்கு வாக்குறுதி கொடுக்கப்பட்டது. அந்த மதில் எழும்பவில்லை என்று அடுத்த இருபதாண்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலுக்கே அந்த நிலைமை. "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லை நம்பி நாம் எத்தனை மழை காத்திருக்கலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1882: அறிவிப்பு, நியாயமான காலம், கழிவு

ஆங்கிலேய ஆட்சியில் 1882ல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதன் 108ஆம் பிரிவு வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. பழுது பற்றி அதில் உள்ளதன் சாரம் இது: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்பு கொடுத்த பிறகு நியாயமான காலத்துக்குள் அவர் செய்யத் தவறினால், குடியிருப்பவர் தானே செய்துகொண்டு, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள். முதலாவது 'கடமைப்பட்ட'. எல்லாப் பழுதும் வீட்டுக்காரர் தலையில் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஊர் வழக்கம் அப்படி இருக்க வேண்டும். 108ஆம் பிரிவே ஒப்பந்தத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் முதலிடம் கொடுத்துத்தான் தொடங்குகிறது. நான் பார்த்தவரை, ஓட்டு வீடுகள் நிறைய இருந்த காலத்தில் அடைமழைக்கு முன் ஓடு மாற்றித் தருவது வீட்டுக்காரர் வேலை, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது குடியிருப்பவர் வேலை என்று ஓர் ஏற்பாடு இருந்தது. எழுதி வைத்தது இல்லை, எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். கான்கிரீட் தளம் வந்த பிறகு அந்த வழக்கமும் போய்விட்டது. தளத்தில் நீர் கசிந்தால் யார் பார்ப்பது என்பதற்கு நம் ஊரில் வழக்கம் என்று ஒன்று உருவாகவே இல்லை.

இரண்டாவது சொல் 'அறிவிப்பு'. மூன்றாவது, 'நியாயமான காலம்'. அறிவிப்பு எப்போது கொடுத்தோம் என்று தெரிந்தால்தான் காலம் நியாயமானதா என்று எண்ண முடியும். தேதி இல்லாத அறிவிப்பு, தேதி இல்லாத காசோலையைப் போன்றது. கையில் இருக்கும், ஆனால் பணமாக்க முடியாது.

அதே பிரிவு குடியிருப்பவரையும் விடவில்லை. வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. குடியிருப்பவரால் ஏற்பட்ட குறையை வீட்டுக்காரர் அறிவித்தால், மூன்று மாதத்துக்குள் அவர் சரி செய்ய வேண்டும். அறிவிப்பு என்பது இரு பக்கமும் ஓடும் பாதை.

இந்தச் சட்டத்தின் 107ஆம் பிரிவுதான் நம் எல்லோருக்கும் பழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் காரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்றது சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்கப் பதினொரு மாதம் என்று எழுதினார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த அந்த ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பதெல்லாம் இருக்கும். பழுது பற்றி ஒரு வரி இருக்காது.

போர்க்காலம் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு

உலகில் பல இடங்களில் வாடகைக் கட்டுப்பாடு போரோடுதான் வந்தது. முதல் உலகப் போரின் நடுவில், 1915ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வாடகை உயர்வை எதிர்த்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்தன. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். அதே ஆண்டு பிரிட்டனில் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப் போரின்போது, 1941ல், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்த பிறகும் வீட்டுத் தட்டுப்பாடு முடியவில்லை. 1946ல் அது சட்டமாகி, 1949ல் வேறு சட்டமாகி, கடைசியில் 1960ல் 18ஆம் எண் சட்டமாக நிலைத்தது. கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்று பெயர். சுமார் அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாடகை வழக்கு என்றால் இந்தச் சட்டம்தான். மாவட்ட ஊர்களில் பெரும்பாலும் மாவட்ட உரிமையியல் நீதிபதியே, நாம் முன்சீப் என்று சொல்பவரே, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் இருப்பார்.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பழுதுக்கானது. குடியிருப்பவர் அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் தேவையான பழுதைப் பார்க்காவிட்டால், அதிகாரியிடம் மனுச் செய்யலாம். குடியிருப்பவரே பழுதைப் பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ள அதிகாரி உத்தரவிடலாம். 1882ன் அதே மூன்று படிகள்தான். நடுவில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

ஆனால் ஒரு வரம்பும் வந்தது. ஒரு வருடத்தில் கழிக்கும் தொகை அந்த வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 60 ரூபாய் வாடகை என்றால் வருடத்துக்கு 720. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 60. அதாவது ஒரு மாத வாடகை. உடைந்த ஓடு சில மாற்றலாம், கதவுக்குக் கீல் போடலாம். உத்தரம் இற்றுப்போனால் அந்தத் தொகையில் ஒன்றும் செய்ய முடியாது. உரிமை சட்டத்தில் இருந்தது, உரிமையின் அளவு ஒரு மாத வாடகை.

இன்னொரு தடையும் இருந்தது. 1973ல் வந்த திருத்தத்தின்படி, மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் உள்ள குடியிருப்பு வீடுகள் சட்டத்துக்கே வெளியே போயின. வசதியானவர்களுக்குப் பாதுகாப்பு எதற்கு என்பது அன்றைய நினைப்பு. விலைவாசி ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்களின் வாடகையே அந்தக் கோட்டைத் தாண்டியது. 400 கொடுப்பவர் பழுதுக்கு மனுப் போடலாம், 401 கொடுப்பவர் போட முடியாது என்ற நிலை. ரத்தன் ஆர்யா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 1986ல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லாது என்றது. 1973ன் 400 ரூபாயும் பிற்காலத்து 400 ரூபாயும் ஒன்றல்ல என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான காரணம். வங்கி கவுன்ட்டரில் நின்றவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் எழுதாமல் இருந்தார்கள்?

சட்டம் இருந்தும் மக்கள் எழுதவில்லை. காரணம் பயம். அதே 1960 சட்டத்தின் 14ஆம் பிரிவில், பழுது பார்ப்பதற்காகவோ இடித்துக் கட்டுவதற்காகவோ வீட்டைக் காலி செய்யக் கேட்க வீட்டுக்காரருக்கும் வழி இருந்தது. பழுது முடிந்த பின் பழைய குடித்தனக்காரருக்கே திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன குடும்பம், திரும்பி வருவோம் என்று எப்படி நம்பும்? "கூரை மோசமாக இருக்கிறது" என்று நாமே கடிதம் எழுதிக் கொடுத்தால், அதையே காட்டி "ஆமாம், மோசம்தான், காலி செய்யுங்கள்" என்று வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் அப்படித்தான் இருந்தார். சமையலறைக் கூரையில் காரை உப்பிக்கொண்டு நின்றது. மூன்று வருடம் வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் வாயால் சொன்னார். "அடுத்த மாசம் கொத்தனாரை அனுப்புகிறேன் தம்பி" என்பார் வீட்டுக்காரர். ஒரு நாள் பகலில் காரை மொத்தமாகப் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. நண்பரின் மனைவி அப்போதுதான் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். கணக்கு முடிக்கும்போது வீட்டுக்காரர், அடுப்பு மேடை உடைந்ததற்கு அட்வான்ஸில் பிடித்தம் செய்தார். "என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார். அவர் பொய் சொன்னாரா, மறந்துபோனாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நண்பரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அதே காலத்தில் எங்கள் கிளைக் கட்டடத்திலும் ஒழுகியது. நகைக்கடன் பேரேடு வைத்திருந்த அலமாரிக்கு மேலேயே ஒழுகல். மேலாளர் கட்டட உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். பார்வை: குத்தகைப் பத்திரம், இன்ன தேதி. பொருள்: மேல்தளக் கசிவு. இத்தனை நாளுக்குள் சரி செய்யவும். நகல் வட்டார அலுவலகத்துக்கு. பத்து நாளில் ஆள் வந்து தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்கள். உரிமையாளர் எங்கள் மீது கோபப்படவில்லை. வங்கி என்றால் கடிதம் வரும் என்று அவர் எதிர்பார்த்தே இருந்தார்.

இரண்டு கட்டடங்களும் ஒரே ஊர். ஓர் இடத்தில் கடிதம் எழுதுவது அலுவலக நடைமுறை, மற்றோர் இடத்தில் அது சண்டைக்கு அழைப்பு. வேறுபாடு அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பக்கம்

நம் சங்கத்தில் வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழுது பார்க்காத வீட்டுக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் இல்லை. பல நேரம் கணக்கு இடிக்கும். இதற்குப் பெரிய உதாரணம் பம்பாய். அங்கே வாடகை பழைய அளவிலேயே உறைந்து கிடந்தது. சுண்ணாம்பு, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் ஏறியது. வரும் வாடகையில் பழுது பார்க்க முடியாமல் கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. கடைசியில் 1969ல் மகாராஷ்டிர அரசு பழைய கட்டடங்கள் மீது தனி வரி போட்டு, அவற்றைப் பழுது பார்க்க ஒரு வாரியத்தையே சட்டத்தின் மூலம் உண்டாக்கியது. அந்த உறைந்த வாடகை முறை நியாயமற்றதாகிவிட்டது என்று 1997ல் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாட்டில் 1973 திருத்தம் நியாய வாடகைக்கு ஒரு சூத்திரம் வைத்தது. நிலம், கட்டடம் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு, குடியிருப்பு என்றால் 9 சதவீதம், மற்ற உபயோகம் என்றால் 12 சதவீதம். பம்பாய் அளவுக்கு இங்கே முற்றிப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வாடகை வருமானத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைக்கும் உரிமையாளருக்குக் கடிதம் வந்தால் எரிச்சல் வராது. அந்தக் காலத்துப் புதுக்குப்புறத்தை இந்தக் காலத்தில் தொடர் வைப்புக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

மாவட்டம் பிறந்தது, வாடகை வீடு பெருகியது

1995 செப்டம்பர் 30 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உருவானது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனியானது. இந்தத் தேதிகளைப் பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்வார்கள். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இவை வேறு மாதிரி நினைவிருக்கும். ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், துறை அலுவலகங்கள் என்று ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள், பெரம்பலூரில் கல்லூரிகளும் தொழிற்சாலையும். சொந்த உபயோகத்துக்குக் கட்டிய வீடுகள் போர்ஷன் போர்ஷனாகத் தடுக்கப்பட்டன. மாடியில் அவசர அவசரமாக ஓர் அறை எழுந்தது. வீட்டுக்காரர் கீழே, குடித்தனக்காரர் மேலே. கீரை பறித்தால் ஒரு கட்டு மாடிக்கும் போகும். அப்படிப் பழகியவரிடம் கடிதம் எப்படி நீட்டுவது?

இப்போது நிலைமை வேறு. அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். வாடகை வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. ஒழுகுவதை அவர் கண்ணால் பார்க்க வழியே இல்லை. நீங்கள் எழுதினால்தான் அவருக்குத் தெரியும். கூச்சப்பட்ட காலத்தில் கடிதம் உறவைக் கெடுக்கும் என்று நினைத்தோம். தூரத்தில் இருப்பவரோடு உறவு இருப்பதே அந்தக் கடிதத்தில்தான்.

நம் பகுதி மண்ணையும் மறக்கக்கூடாது. பெரம்பலூரில் பல இடம் கரிசல். கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரம் சரியில்லாத சுவரில் விரிசல் வருடா வருடம் கொஞ்சம் நகரும். ஒரு மயிரிழை விரிசலைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு அது வளர்ந்திருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல முடியும். சும்மா "சுவர் வெடித்திருக்கிறது" என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

2017 சட்டம்: யார் எதைப் பார்ப்பது

1960 சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வீட்டைப் பார்க்க உரிமையாளர் வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

நமக்கு முக்கியமானது இரண்டாவது அட்டவணை. 1882 சட்டம் ஊர் வழக்கத்துக்கு விட்டதை இது பட்டியல் போட்டுவிட்டது.

உரிமையாளர் பார்க்க வேண்டியவை: குடியிருப்பவரால் ஏற்படாத கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வர்ணம், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் வெளியும் மின் வயரிங்.

குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை: குழாய்த் திருகும் வாஷரும் மாற்றுதல், சாக்கடை அடைப்பு எடுத்தல், கழிப்பறைத் தொட்டி, கைகழுவும் தொட்டி, கீசர், சுவிட்ச், சாக்கெட் ஆகியவற்றின் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை.

நம் குடியிருப்பில் நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி இந்தப் பட்டியலைப் படித்தால் தீர்ந்துவிடும். குழாய்த் திருகு சொட்டினால் துபாய்க்குத் தொலைபேசி செய்ய வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் உரிமையாளருக்கு எழுதுங்கள்.

உரிமையாளர் தம் பங்குப் பழுதைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். குடியிருப்பவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்து அட்வான்ஸில் பிடிக்கலாம். பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில், எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காலி செய்யவோ வாடகை நீதிமன்றத்தை நாடவோ உரிமை உண்டு. கவனியுங்கள், இங்கேயும் 'எழுத்து மூலம்'.

போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உங்களுக்கு மாத வாடகையே இல்லை, ஆகவே கழிக்க ஒன்றும் இல்லை. பழுது யார் பொறுப்பு என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

நீளமாக எழுத வேண்டியதில்லை. கோபமும் வேண்டியதில்லை. ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டில் (கதவு எண்) இன்ன தேதியிட்ட ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். வாடகை இம்மாதம் வரை செலுத்தியுள்ளேன். சமையலறைக் கூரையின் வடகிழக்கு மூலையில் சுமார் இரண்டடி அளவுக்குக் காரை உப்பியுள்ளது. இதை முதலில் கவனித்த தேதி இது. அதற்குக் கீழே நின்றுதான் சமைக்க வேண்டியிருப்பதால் ஆபத்தாக உள்ளது. படங்கள் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் ஆள் அனுப்பிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கொத்தனார் ஒருவரிடம் வாங்கிய மதிப்பீடும் இணைப்பில் உள்ளது. தாங்கள் ஒப்புதல் அளித்தால் நானே செய்து ரசீது அனுப்பி வாடகையில் நேர் செய்துகொள்கிறேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் வாடகை வரியை மறக்காதீர்கள். பழுது பார்க்கவில்லை என்று வாடகையை முழுவதுமாக நிறுத்திவிடுவது பலர் எடுக்கும் முடிவு. அது வேண்டாம். வாடகை பாக்கி, காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

கடைசியில் வரும் "நானே செய்து நேர் செய்துகொள்கிறேன்" என்ற வரி, வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குப் பெரிய உதவி. ஆள் தேடுவதுதான் அவருக்குச் சிரமமே தவிர, பல நேரம் பணம் இல்லை. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் அவர் பதிலைச் சேமித்து வையுங்கள். பதில் இல்லை என்றால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். வீட்டுக்கு ஒரு கோப்பு போதும்: ஒப்பந்தம், குடிவந்த அன்று எடுத்த படங்கள், வாடகை செலுத்திய விவரம், கடிதங்கள், பழுதுச் செலவு ரசீதுகள்.

அடுக்குமாடியில் இன்னொரு படியும் உண்டு. எழுதுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மொட்டை மாடி, பொதுக் குழாய், படிக்கட்டுச் சுவர் ஆகியவை பொது இடம். அது சங்கத்தின் வேலை. மேல் வீட்டுக் குளியலறை என்றால் மேல் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு நகல் போக வேண்டும். எதுவானாலும் உங்கள் உரிமையாளருக்கும் எழுதுங்கள், நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள். சங்கம் வாடகைத் தகராறில் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் கடிதம் வந்த தேதியைத் தன் பதிவேட்டில் குறித்து வைக்கும், செயலாளர் வந்து பார்ப்பார்.

உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடித்தனக்காரரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை வழக்கின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சொத்தில் எங்கே கசிகிறது என்று காசு வாங்காமல் உங்களுக்குச் சொல்லும் ஆள் அவர் ஒருவர்தான். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கம்பி துருப்பிடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். அப்போது செலவு பத்து மடங்கு.

புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரை மூலைகள், ஜன்னல் மேல் சன்ஷேடு, குளியலறைச் சுவரின் மறுபக்கம், மின் மீட்டர்ப் பெட்டி, இந்த நான்கையும் பாருங்கள். எங்காவது ஓதம் தெரிந்தால் அன்று மாலையே எழுதிவிடுங்கள். அடைமழைக்கு முன் கொத்தனார் கிடைப்பார். மழை தொடங்கிவிட்டால் எந்தக் கடிதத்தாலும் அவரைக் கூப்பிட முடியாது.